கடன் குறைந்தால் என் பிள்ளைக்கு வேலை வருமா?

கிளிநொச்சியிலிருந்து விஞ்ஞான ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் தனியார் நிறுவனம் ஒன்றில் 22 வருடமாக வேலை செய்கிறார். ஊழியர் சேமலாப நிதியில் சேர்ந்திருக்கும் காசுதான் முதுமைக்கு இருக்கும் ஒரே பிடி. மகன் பட்டம் முடித்து இரண்டு வருடமாக அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறார். கட்டாருக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு முகவர் வீட்டுக்கு வந்து போகிறாராம். கேள்வியை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்:

"கடனைக் குறைக்கவேண்டும் என்று வற் வரியைக் கூட்டினார்கள், கட்டினோம். நியமனம் இல்லை என்றார்கள், பொறுத்தோம். கடனையும் குறைத்து வேலையையும் கூட்டிய நாடு உலகத்தில் எங்கேயாவது உண்டா? அல்லது எங்களைப் பேய்க்காட்டுகிறார்களா? சேமலாப நிதியில் ஏன் கை வைத்தார்கள்? மகனுக்கு நான் என்ன சொல்வது?"

அன்புள்ள ரீச்சர்,

அப்படி ஒரு நாடு உண்டு. எங்களைப்போல ஒரு தீவு, உல்லாசப் பயணிகளையும் வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் காசையும் நம்பி வாழும் நாடு. அதைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். கடனுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு எனக்குப் புத்தகத்தில் விளங்கியதைவிட அங்கேதான் தெளிவாக விளங்கியது.

2023 தை மாதம். அப்போது நான் வங்கியில் கடன் பகுதியில் இருந்தேன். பரந்தன் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அரிசியில் கறுப்பு மணியும் கல்லும் பிரித்தெடுக்கிற கலர் சோர்ட்டர் மெசின் ஒன்றுக்கு விலை கேட்டு வாங்கிய தாள், சட்டைப் பையில் நாலாக மடித்தபடி இருந்தது. மெசின் வந்தால் கொழும்புக் கடைகளுக்கு நேரடியாக அரிசி கொடுக்கலாம், ஐந்தாறு பேரை வேலைக்கு எடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. நாங்கள் அப்போது கேட்ட வட்டி 28 வீதத்துக்கு மேல். அவர் தாளை விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்தார். "தம்பி, திறைசேரி உண்டியலிலை போட்டால் இருந்த இடத்திலை முப்பது வீதம் வருது. மெசினை வாங்கி ஆரோடை மாரடிக்கிறது?" என்று கேட்டார். கையிலிருந்த காசை, அரசாங்கம் குறுங்காலக் கடன் வாங்கும் அந்த உண்டியலில் போட்டுவிட்டுப் போனார். அந்த ஐந்தாறு வேலைகள் அன்றைக்கு அந்த மேசையிலேயே இல்லாமற் போயின.

அவர்மேல் பிழை இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அரசாங்கம் கடனில் மூழ்கி, யாரும் கடன் கொடுக்கப் பயப்படுகிற நேரத்தில், கிடைக்கும் காசை எல்லாம் அதுவே 30 வீதத்துக்கு வாரி எடுக்கிறது. அரசாங்கத்துக்குக் கொடுத்தாலே 30 வீதம் வரும்போது ஆலைக்கும் பட்டறைக்கும் மீன் பதனிடும் கொட்டிலுக்கும் காசு போட யார் வருவார்கள்? நாட்டின் கடன் உங்கள் மகனின் வேலையைத் தின்கிற வழி இதுதான். 2023இல் அரசாங்கத்துக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபா வருமானத்திலும் ஏறக்குறைய 80 ரூபா வட்டிக்கே போனது. முதலைச் சேர்க்காமல், வட்டி மட்டும்.

அதே பெரியவர் 2025இல் அந்த மெசினை வாங்கினார். வட்டி 12 வீதத்துக்குக் கீழே வந்திருந்தது. ஆறு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள், அதில் நாலு பேர் பெண்கள். ஆறு பேருக்குக் கிடைத்தது ஒரு நாட்டின் கதை ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 'கடனைக் குறைப்பதா, வேலை கொடுப்பதா' என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது பிழை என்று நான் சொல்வதற்கு அந்த ஆலைதான் காரணம்.

இனிக் கணக்கு. நீங்கள் விஞ்ஞானம் படிப்பிப்பவர், கணக்குக்குப் பயப்பட மாட்டீர்கள். நாடு ஒரு வருடத்தில் உழைப்பது 100 ரூபா என்று வைத்தால், 2022இல் எங்கள் அரச கடன் சுமார் 128 ரூபா. சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டின்படி 2032இல் இது 95க்குக் கீழே வரவேண்டும். இதைக் கேட்டதும் கனபேர் நினைப்பது, 33 ரூபாவை யாரோ திருப்பிக் கட்டப்போகிறார்கள் என்று. அப்படி இல்லை. கடனுக்கான வட்டி வருடம் 10 வீதம், நாட்டின் உழைப்பும் விலைவாசி சேர்த்து வருடம் 10 வீதம் வளர்கிறது என்று வையுங்கள். கடனும் உழைப்பும் சேர்ந்தே வளர்வதால் விகிதம் அசையாமல் நிற்கும். அதோடு அரசாங்கம் வட்டியைத் தவிர்த்த மற்றச் செலவுகளைத் தன் வருமானத்துக்குள் முடித்து, 100 ரூபா உழைப்புக்கு 2 ரூபா 30 சதம் மிச்சம் பிடித்தால், பத்து வருடத்தில் 23 ரூபா குறையும். எங்களுக்கு வைத்திருக்கும் இலக்கும் அந்த 2.3 தான். இதை முதன்மை மிகை என்பார்கள். உழைப்பு வட்டியைவிட வேகமாக வளர்ந்தால் சுமை இன்னும் கெதியாகக் குறையும், வளர்ச்சி படுத்தால் மிகப் பெரிய மிச்சம் பிடித்தால்தான் குறையும். ஆகவே வேலையையும் உற்பத்தியையும் கொன்று கடனைக் குறைக்க முடியாது. கணக்கே அதற்கு இடம் கொடுக்காது.

இப்போது நான் சொன்ன அந்தத் தீவு. ஜமைக்கா.

2013இல் ஜமைக்காவின் கடன் 100 ரூபா உழைப்புக்கு 140 ரூபாவைத் தாண்டியிருந்தது. எங்களுடைய 2022ஐவிட மோசம். வேலை தேடுவோரில் ஆறேழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வேலை இல்லாமல் இருந்தார்கள். அந்த வருடம் நாணய நிதியத்தோடு நாலு வருட உடன்பாடு செய்தார்கள். முதன்மை மிகை இலக்கு 7.5 வீதம். எங்களுக்குச் சொல்லியிருப்பதன் மூன்று மடங்கு. அதை ஒரு வருடம் அல்ல, ஐந்தாறு வருடம் விடாமல் பிடித்தார்கள். 2023 அளவில் கடன் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது, அதன் பிறகும் குறைந்தது. வேலையில்லாதோர் வீதம் 2024, 2025இல் 4 வீதத்தைச் சுற்றி வந்து நின்றது. அந்த நாட்டு வரலாற்றிலேயே மிகக் குறைவு.

எப்படி முடிந்தது? எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் வெட்டிய செலவு அல்ல, வெட்டும்போது யாரை மேசைக்குக் கூப்பிட்டார்கள் என்பது. 2013 ஆடியில் அரசாங்கம், தொழிற்சங்கங்கள், வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அரச ஊழியர் சங்கங்கள் சம்பள உயர்வை நிறுத்திவைக்கச் சம்மதித்தன. கணக்கைத் திறந்து காட்ட ஒரு மேற்பார்வைக் குழு வந்தது. அதில் தனியார் துறை, தொழிற்சங்கம், மத்திய வங்கி, பொது அமைப்புகள் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. இந்த மாதம் வரி எவ்வளவு வந்தது, இலக்குத் தப்பியதா இல்லையா என்று அந்தக் குழு நாட்டுக்கு வெளிப்படையாக அறிக்கை சொல்லியது. நாணய நிதியத்தின் ஆட்கள் வந்து பார்ப்பதற்கு முன் சொந்த நாட்டு மக்களே பார்த்தார்கள்.

2016 மாசியில் தேர்தல் வந்தது. வரியையும் சம்பள நிறுத்தத்தையும் கொண்டுவந்த கட்சி ஒரே ஓர் ஆசனத்தால் தோற்றது, 32க்கு 31. புதிதாக வந்தவர்கள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை, அதே பாதையில் தொடர்ந்தார்கள். ஒரு முதலீட்டாளர் பத்து வருடத்துக்குக் காசு போடலாமா என்று யோசிக்கும்போது பார்ப்பது இதைத்தான்: ஆட்சி மாறினால் விதி மாறுமா? கிங்ஸ்டன் துறைமுகத்துக் கொள்கலன் முனையத்தை அதே 2016இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் நிறுவனம் நீண்டகாலக் குத்தகைக்குப் பொறுப்பெடுத்தது.

எங்களுடைய 2019ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேர்தல் முடிந்த கையோடு வற் வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டினோம். அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும் சம்பளத்தில் வரி குறைந்தது. 2021இல் அரச வருமானம் 100 ரூபா உழைப்புக்கு 8 ரூபா சொச்சமாக விழுந்தது. அதே காலத்தில் 50,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளுக்கு அரச நியமனம் கொடுத்தோம். வருமானத்தைக் குறைத்து, நிரந்தரச் செலவைக் கூட்டி, இடைவெளிக்குக் காசை அச்சடித்தோம். 2022 சித்திரை 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்தோம். புரட்டாசியில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. இப்போது உங்களைக் கசக்கும் 18 வீத வற் வரி, அந்த 8 வீதத்தின் மறுபக்கம். உங்கள் மகனுக்கு முன் வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்த அந்த நியமனங்களின் செலவும் இன்றைக்கு அவருக்கு நியமனம் இல்லாததற்கு ஒரு காரணம். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அது உண்மை.

ஜமைக்காவைச் சொர்க்கமாக்கிக் காட்ட எனக்கு விருப்பம் இல்லை. அங்கே வளர்ச்சி வருடம் 1 வீதம் அளவில்தான் இருந்தது. வந்த வேலைகளில் கனக்க அழைப்பு நிலையங்களிலும் ஹோட்டல்களிலும். சம்பளம் பெரிதில்லை, படித்த பிள்ளைகள் இன்னும் வெளிநாட்டுக்குத்தான் போகிறார்கள். கடனைக் குறைத்தால் வட்டி குறையும், நம்பிக்கை வரும். நல்ல சம்பளமுள்ள வேலைக்கு அதற்கு மேல் வேறும் வேண்டும். ரோட்டு, மின்சாரம், துறைமுகம், பிள்ளைகளின் தொழிற்பயிற்சி.

இங்கேதான் எங்கள் அரசாங்கத்தோடு எனக்குச் சண்டை. முதன்மை மிகை இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று அறிக்கை வரும்போதெல்லாம் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டி மூலதனச் செலவைப் பார்ப்பேன். பாலம், குளம், பாடசாலைக் கட்டடம் என்று ஒதுக்கிய காசு முழுதாகச் செலவாகாமல் கிடக்கும். கேள்விப்பத்திரம் பிந்தியது, காணி அளக்கவில்லை, கையெழுத்துப் போட அதிகாரி பயந்தார் என்று காரணம் வரும். செலவழிக்காத காசு கணக்கில் மிச்சமாகத் தெரியும். அது சேமிப்பு இல்லை. வட்டுவாகல் பாலத்தால் போய்வந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நந்திக்கடலின் வாயில், ஒரு வாகனம் வந்தால் எதிர் வாகனம் காத்து நிற்கவேண்டிய ஒடுங்கிய பாலம், மழைக்கு மேலால் தண்ணீர் போகும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு 100 கோடி ரூபா ஒதுக்கி, அந்தப் புரட்டாசியில் வேலை தொடங்கினார்கள். முல்லைத்தீவு மீன் நேரத்துக்குச் சந்தைக்குப் போனால் அதிலிருந்து வரும் உழைப்பு, கடன் விகிதத்தின் கீழ்ப் பகுதியைக் கூட்டும். இப்படியான செலவைப் பிந்தவிட்டுக் கடனைக் குறைத்தோம் என்பது விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிட்டு இந்த மாதம் அரிசிக் கடன் இல்லை என்பதுபோல.

எல்லாக் கட்டுமானமும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 2013இல் திறந்த மத்தளை விமான நிலையமும் கடன் காசுதான். விமானம் வராத ஓடுபாதை தன் கடனைத் தானே கட்டாது. திட்டத்தைத் தெரிவுசெய்யும் முறை சரியாக இருந்தால்தான் முதலீடு நிலைக்கும். மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். 484 மெகாவாட், இந்தியாவின் அதானி நிறுவனம். போட்டிக் கேள்வி இல்லாமல் கொடுத்ததால் விலை சரியா என்ற சந்தேகம் முதல் நாளிலிருந்தே இருந்தது. மன்னாருக்கு வரும் வலசைப் பறவைகளைப் பற்றியும் ஊராரின் எதிர்ப்பைப் பற்றியும் வழக்குகள் போயின. ஓர் அரசாங்கம் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று 20 வருடத்துக்கு ஒத்துக்கொண்டது, அடுத்தது விலையைக் குறைக்கக் கேட்டது, 2025 மாசியில் நிறுவனம் விலகிவிட்டது. விலை கூடவா குறையவா என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. தொடக்கத்திலேயே திறந்த போட்டி வைத்து, பறவைக்கும் ஊருக்கும் உரிய ஆய்வை ஒழுங்காக முடித்திருந்தால், வேறு யாராவது குறைந்த விலைக்கு இன்றைக்குக் காற்றாடியைச் சுற்றவைத்திருப்பார்கள் என்பதுதான் என் ஆதங்கம். வரிச் சலுகையைக் கூட்டிக் கொடுத்து நெடுங்கால முதலீட்டைக் கூப்பிட முடியாது. ஒருமுறை சரியாகச் செய்து, பிறகு மாற்றாமல் விடுவதுதான் வழி.

இனி உங்கள் கணவரின் சேமலாப நிதி. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது நிதியிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கம் நீண்டகாலத்துக்கு எழுதிக்கொடுத்த கடன் பத்திரங்களை, புதிய முறிகளுக்கு மாற்றினார்கள். வட்டி 2025 வரை 12 வீதம், பிறகு 9 வீதம். மாற்றாத ஓய்வூதிய நிதிகளுக்கு வருமான வரி 14இலிருந்து 30 வீதம் என்று சட்டம் வந்தது. நிதிக்கு வேறு வழி இருக்கவில்லை. வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. வங்கி விழுந்தால் வைப்பாளர் காசும் விழும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் உண்மை உண்டு. ஆனாலும் ஜமைக்காவில் 2010இலும் 2013இலும் இரண்டு தரம் முறி மாற்றியபோது வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் சேர்ந்தே சுமந்தன. எங்களிடம் பெரும் சுமை தொழிலாளியின் முதுமைக் காசின்மேல் ஏறியது. வங்கியில் வேலை செய்தவனாகவே சொல்கிறேன், அது நியாயமில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2022இல் நிதி கொடுத்த வட்டி 9 வீதம். அந்த வருடம் கொழும்பில் விலைவாசி சராசரியாக 46 வீதம் ஏறியது. உங்கள் கணவரின் 22 வருடக் காசில் பெரிய துண்டு போனது அந்த ஒரே வருடத்தில், எந்தச் சட்டமும் இல்லாமல், யாரும் கையெழுத்துப் போடாமல். 2023இல் 13 வீதமும் 2024இல் 11 வீதமும் கிடைத்தது, விலைவாசி அடங்கியிருந்ததால் அது உண்மையான வட்டி. காசை அச்சடித்து வேலை கொடுக்கிறோம் என்று யாராவது மேடையில் சொன்னால் அது உங்கள் சேமலாப நிதியிலிருந்துதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே வயது வந்ததும் மொத்தக் காசையும் எடுத்து நண்பர் ஒருவரின் வியாபாரத்தில் போடலாமா என்று நீங்கள் யோசித்தால் என் பதில்: வேண்டாம். ஒரு பகுதியை நிலையான வைப்பில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பற்றி ஆறுதலாக யோசியுங்கள்.

கடனைக் குறைத்து வைப்பதால் என்ன பயன் என்று 2025இன் கடைசியில் இரண்டு தீவுகளும் பார்த்தன. ஐப்பசியில் மெலிசா புயல் ஜமைக்காவை அடித்தது, சேதம் 880 கோடி டொலர் என்று உலக வங்கியும் மற்றவர்களும் மதிப்பிட்டார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து டித்வா எங்களை அடித்தது, 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஜமைக்கா நல்ல காலத்திலேயே புயலுக்கென்று, காப்புறுதிபோல, ஒரு பேரிடர் முறி ஏற்பாடு செய்து வைத்திருந்தது, 15 கோடி டொலர் முழுதாகக் கிடைத்தது. சேதத்தோடு பார்த்தால் சிறு தொகைதான், ஆனால் கடன் பாதியாகியிருந்ததால் மேலே கடன் வாங்கவும் அவர்களுக்கு இடம் இருந்தது. பேரிடர் வந்தால், கடனுக்கு வரம்பு வைக்கும் விதியை இடைநிறுத்தும் வழியையும் அவர்கள் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் நாணய நிதியத்திடம் அவசரத்துக்கு 20.6 கோடி டொலர் வாங்கினோம். அது மானியமல்ல, கடன்.

மகனுக்கு என்ன சொல்வது? அரச நியமனத்துக்காக மூன்றாவது வருடம் காத்திருக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். வரப்போகும் சில வருடங்களுக்கு அரச சேவை பெருக்காது, பெருக்கவும் கூடாது. கட்டார் போவதா என்பது அவருடைய முடிவு. 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கு வெளிநாடு போனார்கள், 2024இல் எங்கள் பிள்ளைகள் அனுப்பிய காசு 650 கோடி டொலரைத் தாண்டியது. அவர்களை நாட்டை விட்டு ஓடியவர்கள் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் போவதென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைச் சரிபார்க்காமல் ஒரு ரூபாவும் கொடுக்கவேண்டாம். இங்கே நிற்பதென்றால், வட்டி இறங்கியபின் மெசின் வாங்கும் ஆலைகளுக்கும் பொதியிடும் நிலையங்களுக்கும் கணக்கு, தரக் கட்டுப்பாடு, இயந்திரப் பராமரிப்பு தெரிந்த பட்டதாரி தேவைப்படுகிறார். நான் சொன்ன பெரியவரே ஆறு மாதமாக ஒருவரைத் தேடினார். சம்பளம் அரச உத்தியோகத்தோடு ஒப்பிடக்கூடியதுதான். ஓய்வூதியம் இல்லை என்பது உண்மை. அதனால்தான் சேமலாப நிதியை யாரும் தொடக்கூடாது என்று நான் இவ்வளவு கத்துகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஜமைக்காவில் மேற்பார்வைக் குழு செய்த வேலையைக் கிளிநொச்சியில் ஒரு ஆசிரியை சின்ன அளவில் செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் மாவட்டச் செயலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். இந்த வருடம் மாவட்டத்துக்கு ஒதுக்கிய மூலதனச் செலவு எவ்வளவு, இன்றுவரை செலவானது எவ்வளவு, தொடங்காமல் கிடக்கும் வேலைகள் எவை என்ற மூன்று கேள்வி போதும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும். பதில் கிடைத்தால் அதன் பிரதி ஒன்றை எனக்கு அனுப்புங்கள். உங்கள் மாவட்டத்துக் கணக்கை நான் போட்டு எழுதுகிறேன்.